பனி எக்செலன்ட் என்று எழுதினேன்

பனியைக் கண்ணால் கண்டிராத ஒருத்தியிடம் கேட்டுவிட்டுத்தான் அந்தக் குளிர்காலம் முழுக்க ஆக்லாந்துக்காரர்கள் மலைக்குப் போனார்கள். அந்த ஒருத்தி நான்தான்.

பென்ரோஸில் ஒரு டயர் கடைக்கும் பெயின்ட் கிடங்குக்கும் நடுவில் இருந்தது நான் வேலை செய்த கடை. பனிச்சறுக்குப் பலகைகள், பூட்ஸ், கையில் ஊன்றும் தடிகள், தடித்த மேலங்கிகள் எல்லாவற்றையும் வாடகைக்குக் கொடுப்போம். வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலை முடிந்த கையோடு ஆட்கள் வந்து எடுத்துக்கொண்டு அப்படியே மோட்டார்வேயில் ஏறித் தெற்கே போவார்கள். நாலைந்து மணித்தியாலம் ஓடினால் மலை. அது ஓர் எரிமலை. தொண்ணூறுகளின் நடுவில் சாம்பலைக் கக்கி, வெள்ளைச் சரிவுகளைக் கறுப்பாக்கி, சறுக்க வந்தவர்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பியிருந்தது. அது அடங்கிய பிறகுதான் நான் வேலைக்குச் சேர்ந்தேன். இழந்ததை எல்லாம் ஒரே குளிர்காலத்தில் பிடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் இருந்தார் முதலாளி.

இங்கே நடுக்குளிர்காலமான ஜூலையிலும் அரைக்காற்சட்டை போடுகிற மனிதர் அவர். நேர்முகத்தில், முன்பு என்ன வேலை செய்தாய் என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்தேன் என்றேன்.

“அப்படியென்றால் உனக்கு வானிலை தெரியும்.”

“பருவக்காற்று தெரியும்.”

“காற்று காற்றுதானே” என்று சொல்லி, மார்க்கர் பேனையை என் கையில் தந்துவிட்டார். என்னுடைய பட்டத்துக்கும் ஏழு வருடப் படிப்பித்தலுக்கும் அந்த நாட்டில் கிடைத்த முதல் மரியாதை அதுதான்.

காலையில் மலையிலிருந்து பனி நிலவரம் ஃபாக்ஸில் வரும். மேல் சரிவில் பனி எவ்வளவு ஆழம், கீழ்ச் சரிவில் எவ்வளவு, ஆட்களைச் சரிவுக்கு மேலே ஏற்றும் லிஃப்டுகளில் எது ஓடுகிறது, காற்று எந்தப் பக்கம், பனி கிடக்கும் மலைப்பாதையில் வழுக்காமல் ஏறச் சக்கரத்துக்குச் சங்கிலி வேண்டுமா என்று எல்லாம் அந்த ஒரு தாளில் இருக்கும். அதை வாசலுக்கு எதிரே மாட்டியிருந்த வெள்ளைப் பலகையில் எழுதுவது என் வேலை. முதல் நாள் தாளில் இருந்ததை இருந்தபடியே எழுதினேன். முதலாளி வந்து பார்த்தார். கீழ்ச் சரிவு வரியை உள்ளங்கையால் துடைத்தார். லிஃப்ட் வரியையும் துடைத்தார். மேல் சரிவின் ஆழம் மட்டும் மிஞ்சியது. அதற்குப் பக்கத்தில் தன் கையாலேயே பெரிதாக ‘எக்செலன்ட்’ என்று எழுதினார்.

“இதில் பொய் ஒன்றுமில்லை. மேலே எக்செலன்ட்தான்” என்றார்.

“மேலே போகிற லிஃப்ட் ஓடவில்லையே.”

“அதை அவர்கள் கேட்டால் சொல்லு.”

ஒருவரும் கேட்கவில்லை. முதலாளியை விட அவர்கள்மேல்தான் எனக்கு எரிச்சல் அதிகம். டெலிபோனில் வருகிறவர்கள் எல்லாம் படித்தவர்கள், பெரிய உத்தியோகக்காரர்கள். ஒரு வீடு வாங்குவதென்றால் கூரைக்குமேல் ஏறித் தட்டிப் பார்க்கிற ஆட்கள். பனி என்று வந்ததும் ஒரேயொரு கேள்விதான்.

“பனி எப்படி?”

“எக்செலன்ட்.”

“லவ்லி.”

டெலிபோனை வைத்துவிடுவார்கள். மேலேயா கீழேயா, இன்றைக்கா நாளைக்கா, மழையா வெயிலா, ஒன்றும் வேண்டாம். நான் கடலுக்குள் பனி பெய்கிறது என்று சொல்லியிருந்தாலும் லவ்லி என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

பனி நிலவரத்தை வாசிக்க நான் பழகியது திங்கட்கிழமைகளில். வார இறுதிக்குப் போன சாமான்கள் அன்றுதான் திரும்பி வரும். பின்னறையில் அவற்றைத் துடைத்துத் திருத்துகிற வேலை கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்திக்கு. கணவர் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்திருந்தார். தன் படிப்புக்கு ஏற்ற வேலை கிடைக்கும்வரை என்று சொல்லிக்கொண்டு இவள் ஊரார் காலில் நாறிய பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு திங்கட்கிழமை சறுக்குப் பலகை ஒன்றைப் புரட்டி அடிப்பக்கத்தை எனக்குக் காட்டினாள். கத்தியால் உழுததுபோல் நீளமாகக் கீறல்கள்.

“பாருங்க, உங்க எக்செலன்ட் எப்படி கீறி வெச்சிருக்குன்னு.”

“பனி கீறுமா?”

“பனி கீறாதுங்க. கல்லு கீறும்.”

அதற்குப் பிறகு அந்தந்த வாரத் தாள்களை வைத்துக்கொண்டு, திரும்பி வந்த சாமான்களோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினேன். ‘தின் கவர்’, அதாவது பனி மெல்லிசாகத்தான் மூடியிருக்கிறது, என்று வந்த வாரத்துப் பலகைகளில்தான் அந்தக் கல்லுக் கீறல்கள். ‘ஃபேர்ம்’ என்று வந்த வாரம் ஆட்கள் கையிலும் முழங்காலிலும் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்கள். பனி உறைந்து கண்ணாடிபோல் ஐஸ் ஆனதற்கு அப்படி ஒரு பெயர். ‘ஸ்பிரிங் ஸ்னோ’ என்றால் காலையில் ஐஸ், மத்தியானம் கஞ்சி. மேலங்கிகள் நீர் சொட்டச் சொட்டத் திரும்பும். ‘வேரியபிள்’ என்பது எங்கே என்ன கிடக்கிறது என்று எழுதினவருக்கே தெரியாத நாளில் போடுகிற சொல். ஆழத்தைக் காட்டும் இலக்கமும் அப்படித்தான். காற்று கொண்டுவந்து பனியைக் குவிக்கிற மூலையில் அளவுகோலை நட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் அளக்கலாம். சாவு வீட்டு அறிவித்தலைத் தவிர வேறெங்கும் இவ்வளவு மரியாதையான சொற்களை நான் கண்டதில்லை.

கஷ்டப்படுத்தியது காற்றுத்தான். எங்கள் ஊரில் வாடைக்காற்று வடக்கிலிருந்து வரும். குளிரும் மழையும் அதோடு வரும். சோளகம் தெற்கிலிருந்து வரும், உடம்பைக் காயவைக்கும். இங்கே எல்லாம் தலைகீழ். தெற்குக் காற்று துருவத்திலிருந்து நேரே வருகிறது. பனியைத் தருவது அதுதான். வடமேற்குக் காற்று வெதுவெதுப்பாகக் கடல் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து மலையில் மழையாகக் கொட்டும். கொட்டுவதோடு நில்லாமல் கிடந்த பனியையும் கரைத்துவிடும். பிறகு ‘உறைநிலை’ என்று ஒன்று. எந்த உயரத்துக்கு மேலே தண்ணீர் உறையும் என்ற கணக்கு. அந்த உயரம் சரிவுகளின் அடியில் இருக்கும் வண்டி நிறுத்துமிடத்துக்குக் கீழே இருந்தால் பனி. மலை உச்சிக்கு மேலே போய்விட்டால் உச்சியிலும் மழைதான். இது தாளின் கடைசி வரியில் சின்ன எழுத்தில் இருக்கும். தாளிலேயே உருப்படியான வரி அதுதான். அதை வாசித்த வாடிக்கையாளர் ஒருவரையும் நான் காணவில்லை. கிளென் ஈடனில் ஏறி, நியூமார்க்கெட்டில் ரயில் மாறி, பென்ரோஸில் இறங்கும்வரை பத்திரிகையில் வரும் வானிலைப் படத்தை மடியில் விரித்து வைத்திருப்பேன். பக்கத்து இருக்கைக்காரர்கள் நான் குதிரைப் பந்தயம் பார்க்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

கிளென் ஈடனில் நான் இருந்தது அக்கா வீட்டில். அக்காவின் கணவர், என் அத்தான், எங்களுக்கெல்லாம் முந்தி இந்த நாட்டுக்கு வந்தவர். அதனால் இந்த நாட்டைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்பது வீட்டுச் சட்டம். எங்கள் தமிழ்த் திருச்சபையில் சுற்றுலா, விளையாட்டுப் போட்டி, கிறிஸ்மஸ் விருந்து எல்லாம் அவர்தான் ஒழுங்கு செய்வார். அந்த ஆகஸ்டில் சபையாரைப் பனி பார்க்கக் கூட்டிக்கொண்டு போவதென்று தீர்மானித்தார். வீட்டில் ஒரு சொல்லும் என்னிடம் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை கடைக்கு வந்து, வாடிக்கையாளர்போலக் கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்றார்.

அன்றைய தாளில் வடமேற்குப் புயல்காற்று என்றும், உறைநிலை உச்சிக்கு மேலே ஏறுகிறது என்றும் இருந்தது. பலகையில் வழக்கம்போல எக்செலன்ட்.

“அத்தான், நாளைக்கு மழை. மேலயும் மழைதான். ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ” என்றேன்.

அவர் பலகையைப் பார்த்தார். “எக்செலன்ட் எண்டெல்லோ எழுதிக்கிடக்கு.”

“அதை நான்தான் எழுதினனான்.”

“பிறகென்ன?”

“முதலாளி எழுதச் சொன்னவர், அத்தான். அது மேல் சரிவுக்கு மட்டும். அதுவும் நேற்றையான் கதை.”

“வெள்ளைக்காரன் பொய் எழுதி வைப்பானே? நாளைக்குக் கடை நடத்த வேண்டாமே?”

“எழுதினவள் உங்கட மச்சாள்.”

“நீர் எழுதினாலும் கடை அவன்ரதானே” என்றார் அத்தான். “நீர் எப்பவும் இப்பிடித்தான். எதைக் கேட்டாலும் மழை எண்டுவீர். முப்பது சோடி பூட்ஸ் எடும்.”

நான் சொல்வதை நம்ப மாட்டார். நான் எழுதியதை நம்புவார். பின்னறையிலிருந்து கோயம்புத்தூர்க்காரி சிரித்த சத்தம் கேட்டது. முதலாளி வந்து அத்தானின் கையைக் குலுக்கி, ஓசியாக இரண்டு சோடி சங்கிலியும் கொடுத்தார். அத்தானுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

எனக்குப் போக விருப்பமில்லை. அக்கா விடவில்லை. “நீயும் வாடி. பிள்ளையளைப் பாக்க ஒரு ஆள் வேணும். அவர் அங்க போனா என்னைத் திரும்பியும் பாக்கமாட்டார்” என்றாள்.

சனிக்கிழமை விடிய வாடகை வான் ஒன்றும் நாலு கார்களுமாகப் புறப்பட்டோம். பொம்பே ஹில்ஸ் தாண்டும்போதே மழை. வானை ஓட்டிய அத்தான், “மேல போகப்போக இது பனியா மாறும்” என்றார். ஹமில்டனிலும் அதையே சொன்னார். டௌப்போ ஏரிக்கரையில் துடைப்பான்கள் தாங்கமாட்டாமல் வானை ஓரம்கட்டியபோதும் அதையே சொன்னார். பின்னாலிருந்த சபையார் ஒவ்வொரு தடவையும் தலையாட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர், பேரப்பிள்ளைக்காகக் கம்பளித் தொப்பி பின்னிக்கொண்டு வந்தவர், “உமக்கு இதெல்லாம் தெரியுமெல்லே, பனி வருமே?” என்று மெல்லக் கேட்டார். வராது என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மற்றப் பக்கத்தில் இருந்தவரிடம் அதே கேள்வியைக் கேட்டார்.

மலைப்பாதை தொடங்கும் இடத்தில் மழையங்கி போட்ட காவலாள் ஒருவர் நின்று, சங்கிலி தேவையில்லை என்று கையசைத்தார். பாதையில் உறையக்கூடிய ஒன்றும் இல்லை என்பதுதான் அதன் பொருள். பனி பார்க்கப் போகிறவருக்கு அதைவிடக் கெட்ட செய்தி கிடையாது.

“பாத்தீரே, பாதை கிளியர்!” என்றார் அத்தான்.

மேலே போய் நிறுத்தினோம். கதவைத் திறந்ததும் மழை பக்கவாட்டில் அடித்தது. மலை இருந்த பக்கம் சாம்பல் நிற மேகம். லிஃப்ட் நாற்காலிகள் ஆளில்லாமல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. பழகுகிறவர்களுக்கான சின்னச் சரிவு மட்டும் திறந்திருந்தது. அங்கே கிடந்த பனி, இரண்டு நாள் வெளியில் வைத்த சோற்றைப்போல இளகி, அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவு நாளும் ஊருக்கெல்லாம் எக்செலன்ட் என்று நான் அறிமுகப்படுத்திய பொருளை முதன்முதலாக நேரில் கண்டேன். காலை வைத்தேன். பூட்ஸுக்குள் தண்ணீர் போனது.

“டாட், திஸ் இஸ் ஜஸ்ட் ரெயின்” என்றாள் அக்காவின் மூத்த மகள்.

“பனியும் தண்ணிதான் பிள்ளை” என்றார் அத்தான். சறுக்குப் பலகையை மாட்டிக்கொண்டு சபையார் பார்க்கச் சரிவில் இறங்கினார். நாலு முழம் போனார். பலகைகள் இளகலில் புதைந்து நின்றுவிட, அவர் மட்டும் தொடர்ந்து போய் முகம் குப்புற விழுந்தார். எழும்பி, பலகை சரியில்லை என்றார்.

பிறகு படம் எடுக்கும் படலம். வண்டி நிறுத்துமிடத்தின் ஓரத்தில், போன வாரம் இயந்திரம் தள்ளிவிட்ட பழைய பனி, மண்ணும் புகையும் படிந்து ஒரு மேடாகக் கிடந்தது. அத்தான் மேல்மண்ணைக் காலால் சுரண்டித் தள்ளச் சொன்னார். எல்லாரையும் மழையங்கியைக் கழற்றவைத்து அதற்கு முன்னால் நிறுத்தினார். “சிரியுங்கோ, சிரியுங்கோ. பல்லுத் தெரியட்டும்.” பல்லுத் தெரிந்தது, குளிரில் அடித்துக்கொண்டிருந்த பல்லு. தொப்பி பின்னிய அம்மாவும் நின்றார். மேடு எங்கள் வாடகை வானின் அளவுகூட இல்லை. படத்தில் மலைத்தொடர்போல வந்திருந்தது என்று பிறகு பார்த்தேன். கண்ணாடி எல்லாம் ஆவி மூடிய வானுக்குள் இருந்து ரோல்ஸும் கட்லட்டும் சாப்பிட்டோம். கம்பளி நனைந்த நாற்றத்தோடு திரும்பி வந்தோம்.

இதுவரைக்கும் நடந்ததை நான் மன்னித்திருப்பேன். முட்டாள்தனம் எல்லாருக்கும் ஒரு நாள் வரும். அடுத்த நாள் ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் நடந்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. வராமல் நின்றுவிட்ட ஒருவர் அத்தானிடம் வந்தார்.

“எப்பிடி அண்ணை, பனி?”

“எக்செலன்ட்!” என்றார் அத்தான். “கொஞ்சம் ஈரம். மேல எக்செலன்ட்.”

சுற்றி நின்றவர்களைப் பார்த்தேன். முதல் நாள் என்னோடு அந்த வானுக்குள் நடுங்கியவர்கள். பாதிப்பேர் இருமிக்கொண்டிருந்தார்கள். ஒருவராவது வாயைத் திறப்பார் என்று காத்திருந்தேன்.

“ஓம் ஓம், நல்ல அனுபவம்” என்றார் ஒருவர், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

“கட்டாயம் ஒருக்காப் போக வேணும்” என்றார் தொப்பி பின்னிய அம்மா.

“அத்தான், ஒரு லிஃப்டும் ஓடேல்லையே. மேல போய்ப் பாத்தது ஆர்?” என்று கேட்டேன்.

“மேகத்துக்குள்ள இருந்தது. உமக்குத் தெரியேல்லை” என்றார்.

முதலாளிக்காவது தன் கடை ஓட வேண்டும் என்ற காரணம் இருந்தது. இவர்களுக்கு என்ன? நனைந்ததை ஒப்புக்கொள்வதைவிடப் பனி பார்த்தவர்களாக இருப்பது நன்றாக இருந்தது, அவ்வளவுதான். அடுத்த இரண்டு வாரங்களில் அத்தானின் பேச்சைக் கேட்டு, அந்தப் படத்தையும் பார்த்துவிட்டு, சபையிலிருந்து இன்னும் இரண்டு குடும்பங்கள் என் கவுன்டருக்கு வந்தன. போய் நனைந்து வந்து அவர்களும் எக்செலன்ட் என்றார்கள்.

அதற்குப் பிறகு எனக்குப் பொறுமை இல்லை. முதலாளி வெளியே போயிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, பலகையை முழுவதும் துடைத்துவிட்டுக் கொட்டை எழுத்தில் எழுதினேன்: வடமேற்குக் காற்று, உறைநிலை உச்சிக்கு மேலே, நாளை முழுவதும் மழை, போகவேண்டாம். வேலை போனாலும் போகட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

பின்னேரம் ஆட்கள் வந்தார்கள். பலகையை வாசித்தார்கள். “மலையில் வானிலை சட்டென்று மாறும்” என்றார் ஒருவர், எனக்கு ஆறுதல் சொல்வதுபோல. “ரேடியோவில் வேறு மாதிரிச் சொன்னார்களே” என்றார் இன்னொருவர். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன், ஞாபகமில்லை என்றார். ஒருத்தி பலகையை வாசித்துவிட்டு, “அப்படியானால் மேலே எக்செலன்ட்டாக இருக்குமா?” என்றாள். வரிசை வாசலுக்கு வெளியே நீண்டிருந்தது. முதலாளி திரும்பி வந்து பலகையைக் கண்டதும் கழுத்துவரை சிவந்தார். வரிசையைப் பார்த்தார். சிவப்பு மெல்ல இறங்கியது.

“நீ விரும்பினதை எழுது” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அந்தப் பலகையை அவர் துடைக்கவேயில்லை. என் உண்மைக்கு அவர் கொடுத்த மதிப்பு அவ்வளவு.

பின்னறையில் கோயம்புத்தூர்க்காரி, “விடுங்க. நனையறது அவங்க, துடைக்கறது நான். உங்களுக்கு என்ன?” என்றாள்.

“தெரிஞ்சுகொண்டே போகினமே, அதுதான்.”

“சரி, இவ்வளவு பேசறீங்களே, நல்ல நாள் எதுன்னு நீங்க சொல்லுங்க. நாம ரெண்டு பேரும் போவோம். நான் இங்க வந்து இத்தனை பூட்ஸ் துடைச்சிருக்கேன், ஒண்ணுகூட என் கால்ல ஏறலை.”

அவளிடம் நான் உடனே நாள் சொல்லிவிடவில்லை. அதற்குச் சற்று முன்தான் என் கெட்டிக்காரத்தனமும் மூக்குடைபட்டிருந்தது. டெலிபோனில் காற்றைப் பற்றிக் கேட்ட ஒரேயொரு பெண்ணுக்கு, தெற்குக் காற்று வருகிறது, பனி கொட்டும், சனிக்கிழமையே போங்கள் என்று அத்தானின் குரலிலேயே உறுதி சொல்லியிருந்தேன். பனி கொட்டத்தான் செய்தது. அதோடு வந்த காற்றில் ஆள் நிற்க முடியாமல் மலையையே மூடிவிட்டார்கள். சனிக்கிழமை முழுக்க அவள் காருக்குள் இருந்திருக்கிறாள். குளிர்காற்று கொண்டுவருகிற பனியில் சறுக்க, அந்தக் காற்று ஓயும்வரை காத்திருக்க வேண்டும் என்ற சின்ன விஷயம் எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே செப்டம்பரில் ஒரு தெற்குக் காற்று வந்து, கொட்டி, அடங்கி, அதன் பின்னால் பத்திரிகைப் படத்தில் காற்றடங்கி வானம் வெளிக்கும் என்று காட்டுகிற பெரிய உயர் அழுத்த வட்டம் ஒன்று வந்து உட்காரும்வரை பொறுத்திருந்தேன். உறைநிலை வண்டி நிறுத்துமிடத்துக்கு எவ்வளவோ கீழே. “நாளைக்கு” என்றேன். முதலாளியிடம் இருவரும் லீவு கேட்டோம். மறுநாள் செவ்வாய்க்கிழமை, கடையில் ஈ ஓட்டுகிற நாள். கொடுத்தார். விடிய முதல் அவள் கணவரின் காரில் புறப்பட்டோம்.

மலைப்பாதையில் சங்கிலி மாட்டச் சொன்னார்கள். சந்தோஷமாக மாட்டினோம். மேலே மேகமே இல்லை. ஒரு கறையும் இல்லாத வெள்ளை, அதன்மேல் நீலம், காலை வைத்தால் மாவை மிதிப்பதுபோல ‘கிறீச்’ என்ற சத்தம். எல்லா லிஃப்டும் ஓடின. அவற்றில் ஆட்கள் இல்லை. எல்லாரும் போன சனிக்கிழமை மழையில் நனைந்துவிட்டு ஆக்லாந்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கணக்கு ஒரு சொட்டும் பிசகவில்லை.

சறுக்குவது எனக்குப் பிடிக்கவில்லை. கணுக்காலை நசுக்கும் பூட்ஸ், பழகும் சரிவில் இறங்கிய தூரத்தையெல்லாம் நடந்தே திரும்ப ஏறுகிற வேலை, விழுந்தால் கழுத்துக்குள் போகிற பனி. இதற்காகவா மனிதர்கள் லீவு எடுக்கிறார்கள் என்று ஒரு மணி நேரத்துக்குள் தீர்மானித்துவிட்டேன். கோயம்புத்தூர்க்காரியோ விழுந்து விழுந்து சிரித்தாள், எழும்பினாள், பின்னேரத்துக்குள் நடுச்சரிவிலிருந்து கத்திக்கொண்டே இறங்கி வந்தாள். “நீங்க சொன்னது கரெக்டு! கரெக்டுங்க!” என்று அவள் கையை ஆட்டியபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. அந்த வருடம் என்னிடம் அப்படிச் சொன்னவள் அவள் ஒருத்திதான்.

உணவுச்சாலை வாசலில் பொதுத் தொலைபேசி இருந்தது. அத்தானின் அலுவலகத்துக்கு எடுத்தேன்.

“அத்தான், மலையில நிண்டு கதைக்கிறன். இண்டைக்குத்தான் பனி உண்மையா நல்லா இருக்கு.”

“நான் அப்பவே சொன்னன்தானே” என்றார்.

டெலிபோனை வைத்துவிட்டு உள்ளே போய்ச் சூடான சாக்லேட் வாங்கினேன். தாங்க முடியாத இனிப்பு. ஜன்னலோரம் இருந்து அதைக் குடித்து முடித்தேன். வெளியே அவள் இன்னொரு தடவை மேலே போவதற்கு லிஃப்டில் ஏறிக்கொண்டிருந்தாள்.